தையலுக்கு விட்ட அரை இஞ்ச்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், என் இடது முட்டி ஒன்றைத் தவிர, அது ஏன் என்று கீழே வரும், அதற்குள் போனைத் தூக்காதே. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். குட்டிக்கு மேல் பல் வந்துவிட்டதா, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாளா, கடிக்கட்டும், திட்டாதே, நீ இந்த வீட்டு நாற்காலிக் கையையே கடித்து மொட்டையாக்கியவள். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் முதல் வரியிலேயே ஐயோ அம்மா என்று ஆரம்பித்துவிடுவாய், உன்னைச் சமாதானம் செய்வதற்குள் குட்டி அழுவாள், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுபோகும். காகிதம் நடுவில் பேசாது.

போன மாதம் நீ சொன்னாயல்லவா, வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்து இரு, இந்தக் குதிகால் வலியோடு யாருக்காக நின்று சாகிறாய் என்று. நான் ம் கொட்டினேன். ம் கொட்டினால் சரி என்று அர்த்தமில்லை, உன் அப்பாவிடம் கேட்டுப் பார், முப்பத்திரண்டு வருஷமாக அவர் இதில்தான் ஏமாறுகிறார். அன்றைக்கு உன்னிடம் முழுவதையும் சொல்லவில்லை. எங்கள் தையல் கம்பெனிக்குப் புதிதாக ஒரு சூப்பர்வைசர் வந்திருக்கிறார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் கையில் கடிகாரம் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது, எதற்கெடுத்தாலும் எத்தனை நிமிஷம் என்பார், அதனால் நாங்கள் அவருக்கு நிமிஷம் என்றே பெயர் வைத்துவிட்டோம். என் வேலை உனக்குத் தெரியும், நீயே சின்ன வயதில் அந்த மேஜைக்கு அடியில் படுத்துத் தூங்கியிருக்கிறாய். அறுபது அடி நீள மேஜை, ஒரு முனையில் துணி ரோல் நிற்கும், நானும் எதிர்ப்பக்கத்தில் இன்னொருத்தியும் ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்து மறுமுனை வரை இழுத்துப் போய் விரிக்க வேண்டும், திரும்பி வரும்போது சுருக்கத்தை நீவிக்கொண்டே வர வேண்டும், இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக அறுபது அடுக்கு, அது முடிந்த பிறகுதான் மாஸ்டர் கத்தி மெஷினைப் போட்டு வெட்டுவார். இப்போது என் ஜோடி ஒட்டகம் என்கிற பெண். உயரத்துக்காக வைத்த பெயர், அவளே சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பாள். அவள் ஓர் எட்டு வைத்தால் நான் இரண்டு வைக்க வேண்டும், இந்தக் குதிகாலோடு அதுவும் முடியவில்லை, பாவம் ஒவ்வொரு முனையிலும் துணியைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்து நின்றாள். டீ மணிக்குள் அறுபது அடுக்கு முடிய வேண்டும், எங்களுக்கு நாற்பத்தைந்துதான் வந்தது. அடுத்த மாதம் முதல் தேதிக்குள் அறுபது வராவிட்டால் என்னைப் பின்னறைக்கு மாற்றிவிடுவேன் என்று நிமிஷம் சொல்லிவிட்டார். பின்னறையில் உட்கார்ந்து நூல் பிசிர் வெட்ட வேண்டும். உட்கார்ந்த வேலைதானே, காலுக்கு நல்லதுதானே என்பாய். இருபத்தாறு வருஷமாக நான் நிற்கிற இடம் அந்த மேஜை. துணி ஒரு நூலளவு கோணினாலும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் சொல்லிவிடுவேன், மாஸ்டரே என்னைக் கேட்டுவிட்டுத்தான் கத்தியை எடுப்பார். அதை விட்டுவிட்டுப் பின்னறையில் போய் உட்கார எனக்கு மனசில்லை, அவ்வளவுதான்.

இந்த யோசனை எப்படி வந்தது என்று சொல்கிறேன், சிரிக்காதே. ஒரு நாள் வலி உயிர் போயிற்று. துணி ரோல் கொண்டுவரும் தள்ளுவண்டி பக்கத்தில் காலியாக நின்றது. அதன் அடிக் கம்பியில் ஒரு காலை வைத்து மறு காலால் ஓர் உந்து உந்தினேன். எங்கள் தளம் கண்ணாடி மாதிரி வழவழப்பு, வண்டி என்னையும் தூக்கிக்கொண்டு மேஜையின் மறுமுனையில் போய் நின்றது. குதிகால் தரையில் ஒரு தடவைகூட அடிக்கவில்லை, வலியே தெரியவில்லை. இரும்பு வண்டிக்கு நாலு சக்கரம் கொடுத்திருக்கிறார்கள், எனக்குக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லையே என்று இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அலமாரியின் அடித்தட்டிலிருந்து உன் பழைய கேன்வாஸ் ஷூவை எடுத்தேன், நீலக் கோடு போட்டது, தூக்கிப் போடச் சொல்லி நாலு தடவை சொன்னாயே, அதேதான். எனக்குக் கொஞ்சம் பெரிது, முன்னால் வெட்டுத்துணி திணித்தால் சரியாக இருந்தது. பழைய சாமான் கடைக்காரியிடம் குழந்தைகள் போடும் ஸ்கேட்டிங் ஷூ இரண்டு ஜோடி கிடந்தது, வாரெல்லாம் அறுந்து இற்றுப்போய்க் கிடந்தாலும் சக்கரம் நன்றாகச் சுற்றியது. ஒரு ஜோடியை வாங்கி வந்து சக்கரங்களை அச்சோடு கழற்றிவிட்டேன். ஷூவின் அடியில் ஒரு பலகை, பலகைக்கு அடியில் முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் இரண்டு, இவ்வளவுதான் கணக்கு.

உன் அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மின்விசிறி ரிப்பேர் செய்கிறவருக்குச் சுற்றுகிற பொருளைப் பார்த்தால் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும், நானும் ஒன்றும் கேட்கவில்லை, அவர் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்து தையல் சாக்பீஸால் துளைக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் டிரில்லோடு வந்து, கோணலாத் துளை போட்டு விழுந்து தொலையாத, நகரு என்றார். ஷூவின் உள் அட்டையைத் தூக்கிவிட்டு அடிப்பாகத்தோடு சேர்த்துத் துளைத்தார், போல்ட்டின் தலை அடிப்பாகத்தைப் பிய்த்துக்கொண்டு இறங்காமலிருக்க உள்ளே அகல வாஷர் வைத்தார், கீழே நட்டை முறுக்கினார், மேலே நான் கெட்டித் துணியை இரண்டு மடிப்பாக வைத்து அட்டையை ஒட்டினேன். நிற்பதற்கு முன்பக்கத்தில் பழைய நாற்காலிக் காலின் ரப்பர். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது, நான் ஊரையே ஜெயித்த மாதிரி போட்டுக்கொண்டு மாடி வராந்தாவுக்குப் போனேன். ஒன்று, இரண்டு, மூன்றாவது உந்தில் ஒரு காலின் பலகை இன்னொரு காலின் பலகையோடு மோதியது, இடது முட்டி தரையில். எழுந்து மறுபடி போனேன், மறுபடி மோதியது. நாலு தடவை. அப்பா என் காலடியில் குனிந்து பார்த்துவிட்டு, சுத்திலும் அரை இஞ்ச் கூடுதலா இருக்கே, எதுக்கு என்று கேட்டார். நான் யோசிக்காமல், தையலுக்கு என்றேன். ஷூவைப் பலகையில் வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டவள், இத்தனை வருஷம் துணியில் தையலுக்கு இடம் விட்டுப் போட்ட மாதிரியே வெளியே இன்னொரு கோடு போட்டு, அந்தக் கோட்டில் தச்சு ஆசாரியை அறுக்கச் சொல்லியிருக்கிறேன். அப்பா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"மரத்த மடிச்சா தைக்கப் போற?"

இதைக் கேட்டுவிட்டு அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுதே விட்டேன், பிறகு நானும் சிரித்தேன், முட்டியில் ரத்தம் ஒரு பக்கம். மறுநாள் அவரே அரத்தை எடுத்து அந்த அரை இஞ்ச்சைச் சுற்றிலும் ராவிக் கொடுத்தார். அதற்குப் பிறகு மூன்று வாரம், வேலைக்குக் கிளம்புவதற்கு முன் தினமும் அரை மணி நேரம், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு கை, பிறகு இரண்டு விரல், பிறகு சும்மா. முட்டியை மடக்கி, முன்னால் கொஞ்சம் சாய்ந்து நின்றால் விழமாட்டோம், பயந்து பின்னால் சாய்ந்தால்தான் விழுவோம், இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. எதிர்வீட்டு டீச்சர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, இந்த வயசுல இதெல்லாம் தேவையா என்றார். தேவைதான் என்று சொல்லிவிட்டு அவர் வாசலைத் தாண்டிப் போனேன், திரும்பி வரும்போதும் அங்கேயே நின்றார், அதற்கப்புறம் தினமும் கதவருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பார்க்கிறார்.

போன வியாழக்கிழமை ஷூவைப் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். மேஜை ஓரத்தில் கட்டி முடிக்கவும் நிமிஷம் வரவும் சரியாக இருந்தது. காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி காலைப் பார்த்தார், கழற்றுங்க அக்கா, விழுந்தா யார் பதில் சொல்றது என்றார். கேட்பது நியாயம்தானே. விரித்து முடிகிறவரை கத்தி ஓடாது, ஒரு கை எப்போதும் மேஜை மேல் இருக்கும், மாஸ்டர் மெஷின் பக்கம் போகும்போது நானே கழற்றிவிடுவேன் என்றேன். அவர் வாயைத் திறக்குமுன் மாஸ்டர், அவங்க விரிச்ச துணிய நான் இதுவரைக்கும் ஒரு தடவைகூடத் திருப்பி விரிக்கச் சொன்னதில்ல சார் என்று மட்டும் சொன்னார். எனக்கு அது போதும். நிமிஷத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"ஒரே ஒரு தடவ விரிக்கிறேன், நீங்க கடிகாரத்தப் புடிங்க. டீ மணிக்குள்ள அறுபது வரலன்னாலும், ஒரு ஓரம் கோணியிருந்தாலும் நானே பின்னறைக்குப் போயிடறேன்."

சொல்லிவிட்டு ஷூ நாடாவை இன்னொரு தடவை இழுத்துக் கட்டினேன். முதல் பத்து அடுக்கு காலும் கையும் ஒத்துப்போகவில்லை, பிறகு பிடிபட்டது. ஒட்டகம் முதல் தடவையாக என் வேகத்துக்கு நடந்தாள், மெல்ல அக்கா மெல்ல அக்கா என்று அவள் சொல்வதைக் கேட்க எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா. முப்பத்தோராவது அடுக்கில் இடது கால் வழுக்கியது. மேஜையைப் பிடித்து நின்றுவிட்டேன், விழவில்லை, ஆனால் பிடித்த வேகத்தில் துணி ஓரம் ஒரு விரலளவு இழுபட்டுவிட்டது. யாரும் பார்க்கவில்லை, ஒட்டகம்கூட. மேலே இன்னொரு அடுக்கு வந்தால் மூடிப்போகும். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் அந்த அடுக்கை முழுவதும் எடுத்துவிட்டு மறுபடி விரித்தேன். தெரிந்தே கோணலாக விட்டு ஜெயித்தால் அந்த மேஜையில் நிற்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. அதில் போன நேரத்தைப் பிடிக்க எப்படி ஓடினேன் என்று கேட்காதே. அறுபதாவது அடுக்கை நீவிக்கொண்டு பாதி தூரம் வரும்போது டீ மணி அடித்தது. யாரும் டீக்குப் போகவில்லை. நிமிஷம் அளவுகோலை எடுத்து நாலு இடத்தில் ஓரம் பார்த்தார். பிறகு பாக்கி நின்ற அந்தப் பாதி தூரத்தைக் கணக்கில் எடுக்காமல் கடிகாரத்தைப் பைக்குள் போட்டுவிட்டு, கத்தி மெஷின் பக்கம் போகும்போது கழற்றிடணும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். டீ ஆறி ஏடு படிந்திருந்தது, அப்படியே குடித்தேன். சாயங்காலம் நிமிஷம் தனியாக வந்து, அந்தச் சக்கரம் எங்க கெடைக்குது அக்கா என்று மெல்லக் கேட்டார். அவருக்கும் குதிகால் வலியாம், நாள் முழுவதும் எங்களைச் சுற்றிச் சுற்றி நடக்கிறாரே.

ஆகையால் நான் வேலையை விடவில்லை. உன்னிடம் வருவேன், வேண்டாம் என்று விலக்கி வைக்கப்பட்டவளாக வரமாட்டேன், லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன், குட்டியோடு ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பி என் மேஜைக்கு வந்துவிடுவேன். இதில் நீ வருத்தப்பட ஒன்றுமில்லை. வருத்தப்பட வேண்டியது நான், அது வேறு விஷயத்துக்கு. உனக்குப் பதினோரு வயதில் நீ ஸ்கேட்டிங் ஷூ கேட்டாய். காலை உடைத்துக்கொள்ளப் போகிறாயா என்று கத்தினேன். நீ போய் பொம்மை லாரியின் சக்கரங்களைக் கழற்றி, என் டப்பாவிலிருந்து நூலை எடுத்து, செருப்புக்கு அடியில் கட்டிக்கொண்டு சமையலறையில் நின்றாய். நான் கத்தரிக்கோலால் நூலை வெட்டிச் சக்கரங்களைக் குப்பையில் போட்டேன். உன் கால் உடையும் என்ற பயம் எனக்கு இல்லை, அது பொய். அன்றைக்கெல்லாம் நான் வேலையிலிருந்து வந்தால் நிற்கவே தெம்பு இருக்காது, நீ விழுந்தால் ஓடி வந்து தூக்க என்னால் முடியாது என்று பயந்தேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையுமே கேட்டதில்லை. என் பெண் எதற்கும் அடம் பிடிக்கமாட்டாள் என்று நானும் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். வராந்தாவில் முதல் தடவை சுவரை விட்டுவிட்டுப் போன அன்றுதான் எனக்கு எல்லாம் நினைவு வந்தது. அது எவ்வளவு ஆனந்தமான விஷயம், அதை உன்னிடமிருந்து பிடுங்கிவிட்டேன். தப்பு என்னுடையதுதான் அம்மா.

நேரத்துக்குச் சாப்பிடு, குட்டி தூங்கும்போது நீயும் தூங்கு, பாத்திரம் எங்கேயும் ஓடிப்போகாது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் இதோடு சேர்த்தி. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பழைய சாமான் கடையில் கிடந்த இன்னொரு ஜோடியையும் வாங்கி வந்துவிட்டேன், நிமிஷம் கேட்டும் கொடுக்கவில்லை, சக்கரத்துக்கு எண்ணெய் போட்டு அப்பா தயாராக வைத்திருக்கிறார். குட்டி பிறந்த பிறகு பழைய ஷூ ஒன்றும் உனக்குச் சேரவில்லை என்றாயே, அதனால் ஒரு காகிதத்தில் இரண்டு காலையும் வைத்து, சுற்றிலும் கோடு போட்டு உடனே அனுப்பு. காலை ஒட்டியே கோடு போடு, தையலுக்கு விடாதே. இந்த முறை நீ விழுந்தால் நான் பக்கத்திலேயே இருப்பேன், எனக்கும் சக்கரம் இருக்கிறது, சீக்கிரம் வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
அறுபது அடுக்கு விரித்த
உன் அம்மா