உன் கையெழுத்தில் நான் அனுப்பியது

இன்று காலை எழுந்ததும் முதலில் உன் பென் டிரைவைத் தேடி எடுத்தேன். மூடி கழன்று விழாமலிருக்க ஆஸ்பத்திரியில் நீ சுற்றிய பிளாஸ்திரி அப்படியே இருக்கிறது. ஓரமெல்லாம் கறுத்துவிட்டது. முகர்ந்தால் இன்னும் லேசாக மருந்து வாடை.

ஒக்கலிபுரத்தில் கம்பெனி பஸ் ஏறி எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பாய். அல்சூரில் நான் ஏறுவேன். எலெக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் நம் சம்பளமில்லாத வேலை நடக்கும். ஒரு நிரல்மொழியின் லைப்ரரிகளை, அதாவது பலர் எழுதிப் பொதுவில் வைத்த ஆயத்த நிரல்களையெல்லாம், கணினியில் லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஒரே தடவையில் நிறுவிக்கொள்ளும்படி, ஒரு பேக்கேஜாகக் கட்டுவது. நூற்றுக்கு மேல் லைப்ரரிகள், எப்படிப் பயன்படுத்தலாம் என்று எழுதியவர் ஒவ்வொருவரும் போட்ட தனித்தனி உரிமம். நான் முதல் வரியோடு நிறுத்திக்கொள்வேன். நீ கடைசி வரிவரை படிப்பாய். பயன்படுத்துகிறவர்கள் தங்கள் ஊரிலிருந்து ஓர் அஞ்சலட்டை அனுப்ப வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்ததைக் கண்டு நான் சிரித்தேன்.

“கேட்டிருக்கான்ல பாவம், அனுப்பினா என்ன கொறஞ்சா போயிடுவோம்?” என்றாய். கப்பன் பார்க் படம் போட்ட அட்டையை என்னையே போஸ்ட் செய்ய வைத்தாய்.

பேக்கேஜைப் பதிவேற்றும் உரிமை அப்போது உனக்கு மட்டும்தான். உன் ரகசியச் சாவி என்கிற கோப்பால் கணினியில் கையெழுத்திட்டால்தான் உள்ளே போகும். புதுப் பதிப்பின் வெளியீட்டுக்குக் கடைசி வாரம், நீ எழுந்து உட்காரவும் முடியாமல் கிடந்தாய். சாவி இருந்த பென் டிரைவை என்னிடம் கொடுத்தாய். அப்படிக் கொடுக்கக் கூடாது என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

“ஒண்ணொண்ணா படிச்சுட்டுப் போடுடி.”

புதிதாகச் சேர்ந்த லைப்ரரிகள் எட்டு. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஐந்தின் உரிமத்தைப் படித்தேன். மிச்சம் மூன்றுக்கும் வேறொன்றின் பழைய உரிமக் குறிப்பையே ஒட்டி, உன் பெயரில் கையெழுத்திட்டு அனுப்பினேன். மறுநாள் கேட்டாய், எல்லாம் படிச்சியா என்று. படிச்சேன் என்றேன். நீ நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாய். அந்த நிம்மதிதான் இத்தனை நாளாக என்னை அறுக்கிறது.

நேற்று, பேக்கேஜ்களைக் கவனிக்கும் நம் குழுவுக்கு ஒரு மடல் வந்தது. அந்த மூன்றில் ஒன்றின் உரிமத்தில், கடைசி வரியில், இதை வேறு யாரும் விநியோகிக்கக் கூடாது என்று எழுதியவர் சொல்லியிருக்கிறாராம். பராமரிப்பாளர் உரிமத்தைப் படிக்கவே இல்லை என்று கண்டுபிடித்தவர் எழுதியிருந்தார். பராமரிப்பாளர் என்ற இடத்தில் உன் பெயர்.

சாயங்காலம் பெங்களூர்க் குழுவிலிருந்து ஒருவர் எனக்கு போன் செய்தார். “அக்கா ஒடம்பு முடியாதப்போ போட்டது, பாவம். யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. விட்டுடுங்க மேடம்” என்றார். சரி என்று வைத்துவிட்டேன். ஒரு வரி விடாமல் படித்த உன்னை, படிக்காததற்காக எல்லோரும் மன்னிக்கிறார்கள். நானும் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டேன்.

இப்போது எனக்கும் பதிவேற்றும் உரிமை இருக்கிறது. நீ போன பிறகு நான் முயன்று வாங்கிக்கொண்டது அது ஒன்றுதான். இன்னொருவர் சாவியில் கையெழுத்திட்டேன் என்று சொன்னால் அது போய்விடும். சாவியைக் கொடுத்தாய் என்று உன்மேலும் ஒரு குறை வரும். அது நீ செய்தது. நான் மறைத்தால் நீயே கோபித்துக்கொள்வாய். படிக்காதது நான்.

அந்த லைப்ரரியைப் பேக்கேஜிலிருந்து எடுத்துவிட்டேன். மற்ற எல்லாவற்றையும் படித்து முடித்ததும், நடந்ததை, பேக்கேஜோடு எல்லோருக்கும் போகும் மாற்றக் குறிப்பில் என் பெயரில் எழுதி, என் சாவியால் கையெழுத்திட்டு அனுப்பப் போகிறேன். இதை இன்னும் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

படிக்க இன்னும் நாற்பது இருக்கிறது. ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.