அம்மா கேட்ட பல்செட்

ஸ்ரீ:

திருப்பதி
புரட்டாசி 25

சௌபாக்யவதி ப்ரியம்வதாவுக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தை விஷ்ணுவும் அந்தக் குளிரில் ஒரு குறைவுமில்லாமல் இருக்க வேண்டும் என்று கோவிந்தராஜனைத் தினமும் சேவித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே நான் சௌக்கியம் என்று எழுதுவதுதான் வழக்கம், அதனால் எழுதிவிட்டேன். விஷ்ணுவுக்கு முன்பல் ஆடுகிறது என்றாயே, நூலைக் கட்டி இழுக்கிற வேலையெல்லாம் வேண்டாம், தானாக விழட்டும். மாப்பிள்ளையை ராத்திரியில் வெறும் காப்பியைக் குடித்துவிட்டுப் படுக்க வேண்டாம் என்று சொல். தினமும்தான் போனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை ஆரம்பித்தேன். அப்பா சாப்டேளா என்று நீ கேட்டதும் வாசலில் யாரோ கூப்பிடறா என்று பொய் சொல்லி வைத்துவிடுகிறேன்.

அம்மா போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. இன்னமும் நீ ஒவ்வொரு போனிலும் அதையேதான் சொல்கிறாய். நான்தாம்ப்பா பெஸ்ட்டா இருக்கறதைப் போட்டுக்கோன்னு சொன்னேன், என்னாலதான் ஒம்பது மாசம் கஞ்சியைக் குடிச்சிண்டு கிடந்து போயிட்டா என்று. இங்கே வந்து பதின்மூன்று நாள் இருந்தபோதும் அதைச் சொல்லித்தான் அழுதாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. என் ஆயுசில் நான் செய்ததிலேயே மோசமான காரியம் அதுதான். இன்றைக்கு வாயைத் திறக்கிறேன். படித்து முடித்தபின் நீ என்னோடு பேசாமல் போனாலும் போ, ஆனால் இனி உன்னைச் சொல்லி அழாதே.

போன ஐப்பசியில் உன் சித்தி சுலோச்சனா சொல்லித்தான் சித்தூரில் சிரஞ்சீவி டாக்டரிடம் போனோம். அம்மாவுக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் பாக்கியில்லை என்பது உனக்குத் தெரியும். அவர் ஒரு பிளாஸ்டிக் தாடையை மேஜைமேல் வைத்துக்கொண்டு பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகப் பொறுமையாக விளக்கினார். ஒரு வகைக்குத் தாடையின் முன்பக்கம் இரண்டே ஸ்க்ரூ, அதன்மேல் பட்டன் மாதிரி அழுத்தி மாட்டிக்கொள்கிற பல்செட், சாப்பிட்டதும் கழற்றிக் கழுவ வேண்டும், மூன்று மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும். இன்னொரு வகைக்கு நாலு ஸ்க்ரூ, அதன்மேல் கழற்றவே முடியாமல் முறுக்கி வைத்துவிடுகிற பல். ஆனால் அம்மாவுக்கு எலும்பு மெலிசு, முதலில் எலும்புத்தூள் வைத்து அது இறுக வேண்டும், பிறகு ஸ்க்ரூ போட்டு அது பிடிக்க வேண்டும், பத்து மாதம் ஆகும் என்றார். அம்மா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கழட்டி மாட்டறதே எனக்குப் போறும் டாக்டர்காரு, மாவடு வரதுக்குள்ள முடிஞ்சுடுமோன்னோ என்று கேட்டாள். அவரும் அம்மகாரு சொல்றதே மஞ்சிதி, அதுதான் நல்லது, அவங்க வயசுக்கு அது போதும் என்றார்.

நான்தான் வேண்டாம் என்றேன். நன்றாகப் படித்துக்கொள் ப்ரியா, நான்தான். வாயிலிருந்து கையால் எடுத்து மறுபடி வாயில் வைக்கிற வஸ்து எச்சில், அதோடு பெருமாளுக்குத் தளிகை பண்ணுகிற அடுக்களைக்குள் எப்படி நுழைவாய் என்று கேட்டேன், டாக்டர் முன்னாலேயே. பத்து மாதத்துக்கு ஒரு தற்காலிகப் பல்செட் தருகிறேன் என்றார் அவர், அதுவும் எச்சில் என்று மறுத்தேன். திரும்பி வரும்போது பஸ் பூதலப்பட்டைத் தாண்டியது. அப்போது அம்மா சொன்னாள், ஏன்னா, பல்லுன்னாலே எச்சில்தானே, முளைச்ச பல்லோட இத்தனை வருஷம் தளிகை பண்ணினேனே, அதைக் கழட்டி வெச்சுட்டா உள்ளே போனேன் என்று. பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். விதண்டாவாதம் பண்ணாதே அலர்மேலு என்றேன். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் போனை ஸ்பீக்கரில் போட்டு உன்னோடு பேசும்போது, அம்மா கழட்ட முடியாததுதான் வேணும்கறா என்று சொன்னது நான். அப்புறம்தான் நீ, ஆமாம்மா, பெஸ்ட்டாவே போட்டுக்கோ என்றாய். தீர்மானம் எல்லாம் பஸ்ஸிலேயே முடிந்துபோயிருந்தது. அம்மா போனை வாங்கி, சரிடி, அப்படியே பண்ணிக்கறேன் என்றாள். பக்கத்தில் நின்றிருந்த என்னை ஒரு பார்வை பார்த்தாள், காட்டிக்கொடுக்கவில்லை.

மாசியில் வழக்கம்போல் ஜாடி நிறைய மாவடு போட்டாள். அவள் கேட்ட பல்செட்டைப் போட்டிருந்தால் அப்போது வாயில் இருந்திருக்கும். ஒரு நாள் ஒரு வடுவை எடுத்து வாயில் போட்டு ஈறால் நசுக்கிப் பார்த்தாள், முடியவில்லை, எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தயிர் சாதத்தை மிக்ஸியில் போட்டாள். நான் பார்க்காத மாதிரி பேப்பரைப் புரட்டினேன். வெயில் காலத்தில் உன் சித்தப்பா தான் வேலை பார்க்கிற பேக்டரியிலிருந்து மாம்பழக் கூழ் டின் கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் எல்லோரும் மாம்பழத்தைத் துண்டு போட்டுத் தின்றோம், அவள் அந்தக் கூழை டம்ளரில் ஊற்றிக் குடித்தாள். நன்னாத்தான் இருக்கு என்றாள். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது, சித்தி பிடித்துக் கொடுத்தாள். சித்திரையில் நாலு ஸ்க்ரூவும் போட்டாயிற்று, அதன்மேல் பல் வைக்கக் குறித்த தேதி ஆவணி ஆறு. அவள் ஆடி பிறந்ததுமே போய்விட்டாள். மாரடைப்புக்கும் பல்லுக்கும் சம்பந்தமில்லை என்று சிரஞ்சீவி டாக்டர் வீட்டுக்கே வந்து சொன்னார். இருக்கலாம். கடைசி ஒன்பது மாதம் ஒரு வாய் கடித்துச் சாப்பிடாமல் போனதற்கும் எனக்கும் சம்பந்தம் உண்டு, அதை எந்த டாக்டரும் இல்லை என்று சொல்ல முடியாது.

நீ வந்து சேருவதற்கு முன்னால் சஞ்சயனம் ஆயிற்று. சாம்பலில் பால் தெளித்து எலும்பைப் பொறுக்கும்போது கையில் அந்த நாலு ஸ்க்ரூவும் அகப்பட்டன. நீலம் பாய்ந்து, ஒன்றும் ஆகாமல், அப்படியே இருந்தன. அது அஸ்தி இல்ல ஸ்வாமி, தூரப் போட்டுடுங்கோ என்றார் புருஷோத்தமன் வாத்யார். போட மனம் வரவில்லை. துடைத்து மடியில் முடிந்துகொண்டு வந்து அம்மா நெற்றிக்கு இடுகிற ஸ்ரீசூர்ணம் டப்பாவில் வைத்தேன். நீ இங்கே இருந்த நாளெல்லாம் அது அலமாரியில்தான் இருந்தது.

இதற்கிடையில் எனக்கும் மேல்வரிசையில் முன்பல் மூன்று போய்விட்டது. கோயில் கோஷ்டியில் பாசுரம் சொன்னால் காற்றுதான் வருகிறது, திருப்பிச் சொல்லிச் சந்தை எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள்கூடத் திரும்பிப் பார்க்கிறார்கள். சித்தூருக்குப் போனேன். மீரு அடிகினதி ஃபிக்ஸட் கதா, நீங்க கேட்டது கழட்ட முடியாததுதானே என்று டாக்டரே ஆரம்பித்தார். வேண்டாம், கழற்றி மாட்டுகிறதே கொடுங்கள் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அளவெடுக்க உட்காரச் சொன்னார். இரண்டு வாரத்தில் தந்துவிட்டார். இப்போது நான்தானே தளிகை. நேற்று காலை காப்பி குடித்ததும் அதைக் கழற்றிக் கழுவி மாட்டிக்கொண்டு, கையை அலம்பிக்கொண்டு அடுக்களைக்குள் போனேன். சாதமும் பருப்பும் பண்ணி, திரையைப் போட்டு அமுது செய்வித்தேன். திரையை எடுத்தேன். பெருமாள் ஒன்றும் சொல்லவில்லை ப்ரியா. அவர் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் நான்தான்.

அம்மாவின் அடுத்த மாசிகம் வருகிறது. அந்த நாலையும் அன்றைக்குத் தீர்த்தத்தில் விட்டுவிடுவதா, இல்லை நீ வரும்வரை வைத்திருப்பதா என்று நீ சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன், இந்த முறை கேட்டுக்கொள்கிறேன். குழந்தைக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். நீ தீர்க்க சுமங்கலியாக, மனசில் இந்தப் பாரம் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். கடிதம் கையில் கிடைத்ததும் போன் பண்ணு, திட்டுவதற்காகவாவது பண்ணு. ஜாடியில் போன மாசி மாவடு அப்படியே இருக்கிறது, நான் தொடவில்லை.

உன் அப்பா
கண்ணபிரான்