வலது தோள் பற்றிய வாக்குமூலம்

பூம்ப்ளிஸ்,
11.03.2025

அன்புள்ள தில்லை மாமாவுக்கு,

பானுஜன் அண்ணாவுக்கு மகள் பிறந்த செய்தி கேட்டு அம்மா கோயிலில் அர்ச்சனை செய்வித்தார். துறைமுக வேலையை விட்டு மகனிடம் போனபின் உங்கள் மூச்சிழுப்பு குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். ஜெனீவாவுக்கு மூன்று தடவை போன் எடுத்தேன், நீங்கள் எடுக்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை. கதைப்பதைவிட எழுதுவது நம் இருவருக்கும் இலகுவாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

அப்பாவின் தோள் சரிவரவில்லை. சத்திரசிகிச்சைக்குப் பிறகும் வலது கை நெஞ்சுக்கு மேல் எழும்புவதில்லை. இடது கையில் கரண்டி பிடித்துச் சோறு சாப்பிடுகிறார். வீட்டுக்கு யாராவது வந்தால் பசியில்லை என்கிறார். பூசையில் எல்லோரும் தலைக்கு மேல் கைகூப்பும் நேரம் வெளியே போய்ச் சப்பாத்துகளை அடுக்கிக்கொண்டு நிற்கிறார்.

விபத்துக் காப்புறுதியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. இது விபத்தில் வந்த காயமல்ல, பழைய பாதிப்பு என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களில் பிழை சொல்ல முடியாது. ஐப்பசியில் பாசல் துறைமுகத்தில், பாரந்தூக்கியில் தொங்கிய இரும்புக் குழாய்க்கட்டு ஆடி வந்து அப்பாவை அடித்ததை நீங்கள் ஒருவர்தான் பார்த்தீர்கள். அன்று வேலை முடியும்வரை இடது கையால் சமாளித்தவர், மறுநாள் வைத்தியர் கேட்டபோது, "இது ஊரிலை ஆமி அடிச்ச நோ, பழசு" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வரி எல்லாப் பத்திரங்களிலும் ஏறிவிட்டது.

ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குப் போன கிழமைதான் தெரிந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதி முகாமில் விசாரணைக்கு முதல்நாள் நீங்கள் அவரிடம், "முதுகிலை விழுந்த அடிக்கு அடையாளம் இல்லை. தோளிலை தழும்பு கிடக்கு, அதைக் காட்டு. கையைத் தூக்கேலாது எண்டு சொல்லு" என்றீர்களாம். அது சைக்கிளால் விழுந்த தழும்பு. அடி உண்மை, காட்டிய இடம் மட்டும் வேறு. அதற்காக உங்கள் இருவரையும் நான் ஒருநாளும் குறைத்து நினைக்கமாட்டேன்.

ஐப்பசிவரை தோள் நன்றாக இருந்தது என்று இப்போது சொன்னால் அந்தப் பழைய அகதிக் கோப்பைத் தூசு தட்டி எடுப்பார்கள் என்று அப்பா பயப்படுகிறார். இந்த நாட்டுக் குடிமகன் என்று அவருக்குத் தந்த சிவப்புக் கடவுச்சீட்டை மேசையில் வைத்துக் காட்டினேன். "தந்தவன் திருப்பி வாங்கமாட்டானோ? முதல் சொன்னதை மாத்தினால் பிறகு ஒண்டையும் நம்பமாட்டாங்கள், பிள்ளை" என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்தது. "அப்ப இருபத்திநாலு வருசமாய் கப்பலிலை பாரம் இறக்கினது எந்தக் கையாலையாம்?" என்று கேட்டார். "இடக்கையாலை" என்று அப்பா சொல்ல, மூவரும் சிரித்துவிட்டோம். பிறகு அவர் எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் வரவில்லை.

தொழிற்சங்கத்துச் சட்டத்தரணியிடம் வேறு யாருடையதோ கதைபோலக் கேட்டுப் பார்த்தேன். பழைய அகதிக் கோப்பை ஒருவரும் தேடமாட்டார்கள் என்று நினைக்கிறேன் என்றார். அந்த 'நினைக்கிறேன்' என்ற சொல்லை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. விபத்தைக் கண்டவர் ஒருவர் எழுதித் தந்தால் காப்புறுதியின் முடிவை மாற்றக் கேட்கலாமாம். அதற்கு இன்னும் பதினொரு நாட்கள் இருக்கின்றன.

அன்று எத்தனை மணி, குழாய்க்கட்டு எந்தப் பக்கமிருந்து வந்தது, அதற்குச் சற்றுமுன் அப்பா இரண்டு கைகளையும் உயர்த்திக் கொளுக்கி மாட்டிக்கொண்டு நின்றார் என்பது, இவ்வளவும் ஒரு பக்கத்தில் எழுதினால் போதும், மாமா. தமிழிலேயே எழுதுங்கள். உங்கள் கோப்பிலும் இப்படி ஏதாவது ஒரு வரி இருக்கலாம். அதை நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

எழுத மனம் வராவிட்டால் விடுங்கள். ஆனால் அப்பாவுக்கு ஒருதரம் போன் எடுங்கள். இனி ஒருவரும் நம்மைத் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று சொல்லுங்கள். நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். நான் இங்கே பிறந்தவள், என் சொல் அவருக்குப் போதவில்லை. முகாமில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் சொல்ல வேண்டும்.

பேத்தியோடு நீங்கள் நெடுங்காலம் சுகமாயிருக்க வேண்டும்.

உங்கள்மீது அன்பு குறையாத,
சரணியா