புதிய கணக்குப் பாடம் வந்துவிட்டது, அண்ணே

என் பிரியமான கதிரவேலு அண்ணனுக்கு,

முதலில் நீங்கள் கேட்க ஆசைப்பட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். சீனியர் வகுப்புக்கான புதிய கணக்குப் பாடத்திட்டம் இந்த ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. மூன்று வருடம் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். இனி வராது என்றுகூட ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். வந்தபோது நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

புத்தகங்கள் இந்தத் தடவையும் பாதிதான் கப்பலில் வந்தன. அது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்காது.

அண்ணே, இந்தக் கடிதத்தை உங்களுக்கு எழுதினாலும் பத்திரிகைக்குத்தான் அனுப்பப் போகிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். படிக்கிறவர்களுக்கு நம்மைத் தெரியாது. நீங்கள் கிள்ளானில் ஓர் ஆங்கிலப் பள்ளியின் கணக்கு மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர். நான் அதே பள்ளியின் கிராணி. கடிதம் பிரிப்பதும் தட்டச்சு அடிப்பதும் கோப்புகளைப் பார்ப்பதும் என் வேலை. அப்பா ரயில்வேயில் இருந்ததால் பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்தவன். உங்கள் வீடும் அங்கேதான். காலையில் ஒரே ரயிலில் போய், சாயங்காலம் ஒரே ரயிலில் திரும்பினோம். ஆறு வருடம்.

அந்த ரயிலில்தான் பாடத்திட்டம் மாறப் போகிறது என்று முதல்முதலாகச் சொன்னீர்கள். கோடும் முக்கோணமும் பற்றிய நிரூபணங்களைப் பையன்கள் வரிசை பிசகாமல் மனப்பாடம் செய்வது உங்களுக்குப் பிடிக்காது. "செபம் சொல்லுற மாதிரிச் சொல்லுறாங்கள், தம்பி. படத்திலை ஓர் எழுத்தை மாத்திப் போட்டால் முழிக்கிறாங்கள்" என்பீர்கள். புதிய திட்டத்தில் அந்த மனப்பாடம் குறையும், வரைபடமும் திரிகோண கணிதமும் சேரும் என்று கல்வி இலாகாவிலிருந்து சுற்றறிக்கை வந்த அன்று நீங்கள் பத்து தீகா ஸ்டேஷன் வரை பேச்சை நிறுத்தவில்லை.

புத்தகம் வரும்வரை நீங்கள் காத்திருக்கவில்லை. பாடங்களைக் கையால் எழுதித் தந்தீர்கள். நான் ஸ்டென்சிலில் அடித்தேன். படங்களை நீங்களே ஊசியால் கீறினீர்கள். ஒருநாள் வகுப்பின் பதினான்கு பையன்களையும் வெளியே கூட்டிப்போய், ரயில்வே தண்ணீர்த் தொட்டியின் உயரத்தை ஏறாமலே கண்டுபிடிக்கச் சொன்னீர்கள். ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு விடை வந்தது. பக்கத்தில் நின்ற, தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் சிரித்ததும், அவரையும் கூப்பிட்டுக் கோணம் பார்க்க வைத்ததும் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

மே மாதம் இரண்டாவது சுற்றறிக்கை வந்தது. பாடத்திட்ட மாற்றம் தள்ளிவைக்கப்படுகிறது, அந்த வருட டிசம்பர் பரீட்சை பழைய முறையில்தான் நடக்கும் என்று நான்கே வரி.

அதைப் பிரித்தவன் நான். ஹெட்மாஸ்டர் துரை விடுப்பில் சீமைக்குப் போயிருந்தார். பொறுப்பில் இருந்தவர் கடிதங்களை என்னிடமே விட்டிருந்தார். அன்று காலை என் மனைவி ரோசம்மாவைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்திருந்தேன். பிள்ளை கால் முன்னாக இருக்கிறது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அந்தத் தாளை நான் படித்தேனா, கண்ணை மட்டும் ஓட்டினேனா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். மேஜை நாற்காலி கேட்டு எழுதிய கடிதங்களின் கோப்பில் அதைச் சொருகிவிட்டு மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

ரோசம்மாவும் பிள்ளையும் பிழைத்தார்கள். தாள் அங்கேயே கிடந்தது.

செப்டம்பரில் வேறெதையோ தேடும்போது கையில் வந்தது. அன்று சாயங்கால ரயிலில் உங்களிடம் நீட்டினேன். இரண்டு முறை படித்தீர்கள். வெளியே ரப்பர் மரங்கள் போய்க்கொண்டே இருந்தன. நீங்கள் சத்தம் போட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"பரீட்சைக்கு எத்தினை கிழமை இருக்கு?" என்று மட்டும் கேட்டீர்கள்.

"பதினொண்ணு, அண்ணே."

"பதினொரு கிழமையிலை பழைய பாடம் முழுக்க ஓட வேணும். சரி. நாளையிலை இருந்து நான் முதல் ரயிலிலை வாறன்."

"நான் துரைகிட்ட சொல்லிடறேன், அண்ணே. தப்பு என்னுது."

"நீர் சும்மா இரும். உமக்கு வேலை இன்னும் நிரந்தரமாகேல்லை. சொன்னால் அண்டைக்கே நிப்பாட்டிப் போடுவினம். என்னை நிப்பாட்டமாட்டினம். அவ்வளவுதான் கணக்கு." தாளை மடித்தபடி, எனக்குச் சொல்வதுபோல் இல்லாமல் சொன்னீர்கள்: "புத்தகம் வரமுதல் தொடங்கினது என்ர அவசரம். அதையும் சொல்ல வேணும்தானே."

விடுப்பு முடிந்து வந்த துரை விசாரித்தபோது நானும் அந்த அறையில்தான் நின்றேன். "கிராணி கடிதத்தைத் தந்தார், நான்தான் புத்தகத்துக்குள் வைத்து மறந்துவிட்டேன்" என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னீர்கள். துரை என் பக்கம் திரும்பி, அப்படித்தானா என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அண்ணே, பேசாமல் நின்றேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேசாமல் நிற்கவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

பதினொரு வாரம் மணி அடிக்கும் முன்னும் அடித்த பின்னும் வகுப்பு எடுத்தீர்கள். உங்களுக்குப் பிடிக்காத அதே மனப்பாடத்தை அந்தப் பையன்களின் வாயில் ஏற்றினீர்கள். மார்ச்சில் முடிவு வந்தது. ஒன்பது பேர் தேறினார்கள். ஐந்து பேர் கணக்கில் தவறினார்கள். கணக்கு போனால் முழுப் பரீட்சையும் போன மாதிரிதான். அந்த ஐந்து பெயரையும் அறிவிப்புப் பலகைக்குத் தட்டச்சு அடித்தவனும் நான்தான்.

அதற்குத் தண்டனையாக உங்களை செமினியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். சீனியர் வகுப்பு கிடையாது, கூட்டல் கழித்தல்தான். ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸுக்கு வரும்போதெல்லாம் "பாடத்திட்டம் வந்திட்டுதோ?" என்பீர்கள். "இன்னும் இல்ல, அண்ணே, மறுபடி தள்ளிட்டாங்க" என்பேன். போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து படுத்தீர்கள். பத்து நாள்தான் உயிரோடு இருந்தீர்கள். நான் வந்து பார்த்தபோது உங்களுக்கு ஆள் தெரியவில்லை. இதையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் வந்தேன். அதற்கும் பிந்திவிட்டேன்.

இந்த பிப்ரவரியில் இப்போதைய கணக்கு மாஸ்டர் என் மேஜைக்கு வந்தார். "கிராணி, புக்ஸ் பத்தல. பழைய நோட்ஸ் ஏதாச்சும் கிடக்கா?" என்றார். நீங்கள் எழுதி நான் அடித்த பாடத் தாள்களை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே புரட்டியவர் உட்கார்ந்துவிட்டார். "இவ்வளவு நல்லா யார் போட்டது? இப்ப எங்க இருக்கார்?" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அன்றே துரையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புதியவர், உங்களைப் பார்த்ததில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தா என்றார். தந்தேன். அது இலாகாவுக்குப் போயிருக்கிறது. உங்கள் பெயருக்கு எதிரே இருக்கும் குற்றக் குறிப்பை நீக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வேலை போனால் போகட்டும் என்று வீரமாக எழுத ஆசைதான். வீட்டில் இப்போது மூன்று பிள்ளைகள். தபால்காரர் வரும் நேரம் கடிகாரத்தையே பார்க்கிறேன்.

உங்கள் மனைவி பார்வதி அக்காவிடமும் போனேன். சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அவர் எனக்கு அண்டைக்கே சொன்னவர், தம்பி. நீங்கள் எப்ப வந்து சொல்லுவியள் எண்டு நான் பாத்துக்கொண்டிருந்தனான்."

"கோவமா, அக்கா?"

"இருந்தது. அவரோடையும்தான். ரெண்டு பேரும் சேர்ந்து செய்த வேலைதானே."

அது நியாயம் என்றுதான் எனக்கும் படுகிறது. என்னைக் காப்பாற்றப் போய், அந்த ஐந்து பேரிடமும் நாம் இருவரும் உண்மையைச் சொல்லாமல் போய்விட்டோமே. அது உங்களுக்குத் தோன்றியதா, அண்ணே? தோன்றாமல் இருந்திருக்காது. என்னை நினைத்து வாயை மூடிக்கொண்டீர்களா?

ஐந்து பேரில் தர்மலிங்கத்தைப் பூச்சோங் பக்கம் ஒரு தோட்டத்தில் கண்டுபிடித்தேன். ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகையில் நின்றான். விஷயத்தைச் சொன்னதும் தராசைப் பிடித்த கையை எடுக்காமல் கேட்டான்.

"அப்ப எனக்குக் கணக்கு வராம ஃபெயிலாகல?"

"இல்லப்பா. எட்டு மாசம் வேற பாடம் படிச்சீங்க. என்னாலதான்."

"மாஸ்டருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அப்போதுதான் தராசிலிருந்து கையை எடுத்தான். பிறகு, "ரெண்டு வருஷமா எங்கப்பா என்னை மடையன்னு கூப்பிடறாரு. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன். எங்கிட்ட சொன்னா பத்தாது, கிராணி. வந்து அவருகிட்ட சொல்லுங்க" என்றான்.

போனேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில், அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டிருக்க, அவன் அப்பாவிடம் முதலிலிருந்து சொன்னேன். அடிப்பாரோ என்று பயந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "இவனுக்கு மட்டும் இல்ல, எனக்கும்ல அவமானம் பண்ணிட்டீங்க" என்றார். வீட்டுக்குள் போய்விட்டார். நான் கிளம்பினேன். தர்மலிங்கம் சாலை வரை கூட வந்தான். "அப்பா அழறாரு, கிராணி. பரவாயில்ல, போங்க" என்றான்.

ஐவரில் இன்னொருவனான இப்ராஹிமை கிள்ளான் பாசார் சந்தையில் பார்த்துச் சொல்லிவிட்டேன். நான் நீட்டிய கையை அவன் பிடிக்கவில்லை. அது அவன் உரிமை.

மீதி மூன்று பேர் எங்கே என்று தெரியவில்லை. ஒருவன் அம்பாங்கில் ஈயச் சுரங்கத்தில் இருக்கிறான் என்கிறார்கள். போய் விசாரித்தேன், வேறு இடத்துக்கு மாறிப் போயிருக்கிறான். அதற்காகத்தான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அந்த மூன்று பேரோ, அவர்களைத் தெரிந்தவர்களோ படிக்கட்டும். தம்பிமார்களே, உங்களுக்கு மூளை குறைவில்லை. உங்கள் மாஸ்டர் அந்தக் கடிதத்தை மறக்கவுமில்லை. தப்பு நடந்தது என் மேஜையில்.

அண்ணே, மூன்று பேரையும் நேரில் பார்ப்பேன். எந்த ஊரானாலும் போவேன். அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் முன்னால் நின்று, நடந்ததை நடந்தபடி சொல்வேன். இலாகாவிலிருந்து என்ன பதில் வந்தாலும் இதை நிறுத்தமாட்டேன். உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு இது.

ஒரே வயிற்றில் பிறக்காவிட்டாலும் நீங்கள் தம்பி என்றே அழைத்த,
அந்தோணிசாமி
பிரிக்பீல்ட்ஸ்