இரண்டாவது சீட்டு

ஆவணி, வெள்ளி இரவு.

பெரிய பேத்தி டாக்டர். பேரன் கார்த்தி கேளம்பாக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் டீம் லீடர். அவன் தங்கை ஹரிணி காலேஜில் முதல் மார்க்.

காலேஜில் எந்தக் கம்ப்யூட்டர் மொழி எடுப்பது என்று அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரு வாரமாகச் சண்டை.

“ஜாவா எடுடி, நான் சொல்லித் தர்றேன்.”

“நீ எங்க சொல்லித் தர்ற? திட்டத்தான் செய்வ. எனக்குப் பைத்தான்தான்.”

இன்று ஹரிணியே சாமி முன் இரண்டு சீட்டு எழுதிப் போட்டாள். என்னை எடுக்கச் சொன்னாள். பைத்தான் வந்தது.

“சாமியே சொல்லிடுச்சு, போதுமாண்ணா?”

அவன் எழுந்து போனான். இரவு சாப்பாட்டின்போது அவளோடு பேசவில்லை.

விளக்கு துடைக்கும்போது மற்ற சீட்டைப் பிரித்தேன். அதிலும் அதே எழுத்துகள். ஐந்தாவது வரை படித்த எனக்கு அதுகூடவா தெரியாது? யாரிடமும் சொல்லவில்லை. படிக்கப் போகிறவள் அவள்தானே.

நாளை குடும்ப குரூப்பில் புதுப் படம் போடச் சொல்ல வேண்டும், அண்ணனும் தங்கையும் ஒட்டி நிற்கிற மாதிரி.