துரை பங்களாப் படத்தில் கிராணி மூஞ்சி

என் ரோசக்கார அம்மாவுக்கு,

அந்தப் போலந்து நாட்டு ஓவியத்தைச் சரிபண்ணியாச்சும்மா. துரை பங்களாக் கூடத்துல, நீ போய்ச் சேர்ந்த பிறகும் உன் பேரைக் கெடுத்துக்கிட்டே தொங்கினதே, அதே படம்தான்.

மலைச்சரிவுல பொம்பளைங்க குனிஞ்சு புல்லை வாரிக் கட்ட, ஒரு ஆம்பளை கம்பை ஊன்றி நிப்பானே. பங்களா வேலைக்குப் போய் அதைத் தூசி தட்டிட்டு வந்து நீ சொல்லுவ: "எந்த ஊரு மலையா இருந்தா என்ன, குனியிறது நாமதான்."

துரை கோலாலம்பூர் போயிருந்த அன்னிக்கு, தோட்டத்துக் கணக்கெழுதுற பெரிய கிராணி அவர் நாற்காலியில உட்கார்ந்து குடிச்சான். போதையில கிளாஸைப் படத்து மேல வீசினான். கறையை மண்ணெண்ணெய்த் துணியால அழுத்தித் துடைக்கப் போய், கம்புக்காரன் மூஞ்சியே அழிஞ்சு போச்சு. சமையற்கட்டு வாசல்ல நின்னு எல்லாத்தையும் பார்த்தவ நீ. ஆனா துரை வந்ததும் அவன் என்ன சொன்னான்? பித்தளை விளக்கு தேய்க்கிற மாதிரி வேலைக்காரி புளி போட்டுத் தேச்சுட்டாளாம். துரையும் நம்பினார். தோட்டத்துப் பொம்பளைக்கு வேற என்ன தெரியும்கிற நெனப்புதானே எல்லாருக்கும்? நீ சொன்னதை யார் கேட்டா?

காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல, அத்தனை பேர் முன்னாலயும் கைகூப்பி உன்னை மன்னிப்புக் கேக்க வச்சான். அன்னியிலேர்ந்து நீ புளிக்காரி. தானா ராத்தா ஆஸ்பத்திரியில உன் மூச்சு நின்னப்பகூட, வெளியே யாரோ புளிக்காரி போயிட்டாளான்னு கேட்டது என் காதுல விழுந்துச்சு. அந்த வயித்தெரிச்சல் இன்னும் அடங்கலம்மா. ஏன் அடங்கணும்?

இப்போ பங்களா ஓட்டலாயிடுச்சு. ரூம்களைப் பார்த்துக்கிறது என் பொறுப்பு. மூஞ்சியில்லாத ஆளைப் பார்த்துப் பிள்ளைங்க பயப்படுதுங்கன்னு, ஏதாவது ஒரு மூஞ்சி வரையச் சொல்லுன்னு ஓட்டல் முதலாளி தவுக்கே என்கிட்ட விட்டுட்டார். கியா பார்ம் கடைகளுக்கு ஸ்ட்ராபெரி வரையிற அண்ணனைக் கூட்டிக்கிட்டு வந்தேன். யார் மாதிரி வரையன்னு கேட்டார். பழைய கோயில் கமிட்டிப் போட்டோவுல கிராணி நடுவுல உட்கார்ந்திருப்பானே, அதைக் கொடுத்தேன். அதே மீசை, அதே மச்சம். அந்த அண்ணனுக்கு நல்ல கை.

போன ஞாயித்துக்கிழமை கிராணிக்கு எண்பதாவது பிறந்தநாள். எங்க ஓட்டல்லயே வையின்னு அவன் மருமககிட்ட நான்தான் ஆசைகாட்டினேன், பொய் எதுக்கு. படத்துக்கு நேரா அவனுக்கு நாற்காலி போட்டேன். மருமகதான் முதல்ல கவனிச்சா, மாமா இது ஒங்கள மாதிரியே இருக்குலான்னு சிரிச்சா. எல்லாரும் போனை எடுத்தாங்க. அவன் சிரிக்கல. கேக்கை அரைகுறையா வெட்டிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமாம்மா.

கிளம்புறப்போ தனியா கூப்பிட்டான். "ஏம்மா, என் மூஞ்சியை ஏன் அதுல வச்ச?"

"அழிச்சது நீங்க. வேற யார் மூஞ்சியை வைக்கிறது?"

வயசான காலத்துல அசிங்கப்படுத்தாதே, எடுத்துடுன்னு கெஞ்சினான். மாரியம்மன் திருவிழாவுல மைக்கைப் பிடிச்சு நடந்ததை நடந்தபடி சொல்லுங்க, மறுநாளே எடுக்குறேன்னேன். உன்னைப் புளிக்காரின்னு கூப்பிட்ட சனமெல்லாம் அங்க இருக்கும், அவங்க காதுல விழணும். கார்ல ஏறிப் போயிட்டான். பாவமா இல்லையாடின்னு கேப்பியா? நீயா, கேக்கவே மாட்ட.

இது உன்மேல சத்தியம்மா. அவன் சொன்னா மூஞ்சியை எடுத்துடுவேன். சொல்லாம செத்தான்னா, அந்த மூஞ்சிக்குக் கீழ அவன் பேரையும் எழுத வைப்பேன்.

அஞ்சலையின் மகள்,
செல்வி