கதவுக்கு வெளியே ஒருவர்

டுலூத்
மார்ச் 2

அன்புள்ள மார்லிஸ்,

ஃபோன் வேண்டாம், ஏதாவது இருந்தால் எழுது என்று பிரியும்போது சொன்னாய். இப்போது இருக்கிறது.

குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் அந்தப் பரிசோதனை மறுபடியும். அறுபது வயதுக்காரனுக்கு வழக்கமானதுதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மயக்க மருந்து கொடுப்பதால் தனியாக வெளியே விடமாட்டார்களாம். டாக்சியில் போய்க்கொள்கிறேன் என்றேன். "டாக்சிக்காரருக்கு உங்களைத் தெரியுமா?" என்று கேட்டாள் நர்ஸ்.

என்னைத் தெரிந்தவர்கள் யார் என்று யோசித்தேன். கீழ்வீட்டு டேல், கண் மங்கியதால் காரை விற்றுவிட்டார். பிறகு நீ.

பதினெட்டாம் தேதி காலை. முடியாவிட்டால் தள்ளிப்போடுகிறேன்.

ஐவர்

டூ ஹார்பர்ஸ்
மார்ச் 6

ஐவர்,

தள்ளிப்போட்டால் நீ செய்யவே மாட்டாய். எனக்குத் தெரியாதா?

வருகிறேன். கூட்டிப்போவேன், கொண்டுவந்து விடுவேன். அவ்வளவுதான்.

முந்தின நாள் சிவப்பு ஜெல்லி கூடாது, உள்ளே இரத்தம் போலத் தெரியும். போன முறை ஒளித்துவைத்துச் சாப்பிட்டாய்.

மார்லிஸ்

டுலூத்
மார்ச் 17

அன்புள்ள மார்லிஸ்,

நாளை பார்க்கப்போகிறவளுக்கு எழுதுகிறேன். குடலைச் சுத்தம் செய்யும் அந்த மருந்துத் தண்ணீரைக் குடித்தாகிவிட்டது. உப்புக் கடலில் எலுமிச்சையைக் காட்டிவிட்டு எடுத்தது போல.

போன முறை நீ கழிவறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுக்கொண்டு குறுக்கெழுத்துப் புதிரைச் சத்தமாக வாசித்தாய். நான் உள்ளிருந்தே விடை சொன்னேன். "உட்கார்ந்த இடத்துல மூளை நல்லாத்தான் வேலை செய்யுது உனக்கு" என்றாய்.

இன்று வீட்டில் யாருமில்லை. ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டேன். சாத்தினால்தான் வெளியே யாரோ இருப்பதுபோல இருக்கிறது.

மறுபடி போக வேண்டும்.

ஐவர்

டுலூத்
மார்ச் 19

அன்புள்ள மார்லிஸ்,

டாக்டர் ஃபோன் செய்தார். எல்லாம் சுத்தமாக இருக்கிறதாம். "பத்து வருஷத்துக்கு எங்க பக்கமே வர வேண்டாம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து வருடம், மார்லிஸ்.

உள்ளே கூட்டிப்போகும்போது பார்த்த உன் பச்சைக் கோட்டுதான் கடைசியாக நினைவில் இருக்கிறது. அடுத்து என் கட்டில், போர்வை, மேஜையில் மூடிவைத்த சூப். நடுவில் எதுவுமே இல்லை. திரும்பி வந்த கார் இல்லை. நீ இல்லை. அந்த மருந்து அப்படித்தானாம்.

இத்தனை வருடத்தில் உன்னோடு கழிந்த ஒரே காலை. அது என்னிடம் இல்லை. உன்னிடம் இருக்கிறது.

நான் என்ன பேசினேன்?

ஐவர்

டூ ஹார்பர்ஸ்
ஏப்ரல் 9

அன்புள்ள ஐவர்,

உடனே எழுத முடியவில்லை.

நிறையப் பேசினாய். காற்று பிரிந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவோம் என்றார்கள். தாராளமாகப் பிரிந்தது. ஒவ்வொரு முறையும் "மன்னிச்சுக்கோங்க" என்று எதிரே இருந்த சுவரிடம் சொன்னாய். நர்ஸிடம், "இவதான் என் பொண்டாட்டி. கொஞ்சம் கோவக்காரி" என்றாய். நான் திருத்தவில்லை.

சிக்னலில், "இந்தப் பக்கம் ஏன் போற? நம்ம வீடு அந்தப் பக்கம்" என்றாய். அதை விற்றாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வண்டியைத் திருப்பினேன்.

வாசலுக்கு எதிரே நிறுத்தினேன். ஜன்னலில் வேறு யாருடைய திரைச்சீலையோ. "சாவி உன்கிட்டதானே இருக்கு?" என்று கேட்டாய். பதிலுக்குக் காத்திராமல் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய். என் கை மரத்துப்போயிற்று. எடுக்கவில்லை.

எனக்கும் இந்தப் பரிசோதனைக்கான நாள் எப்போதோ கடந்துவிட்டது. கூட வர ஆளில்லாமல் விட்டுவிட்டேன். நேற்று கிளினிக்கில் கேட்டார்கள், "உங்கள யார் கூட்டிட்டுப் போவாங்க?"

உன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

இதற்குப் பதில் எழுதாதே. ஃபோன் செய். முந்தின நாளே வந்துவிடு, நாற்காலி என்னிடம் இருக்கிறது.

மார்லிஸ்